நமக்கு ஒத்துவரும் ஏஏ கூட்டம் எது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அனுபவம்

"குடியை விடணும்ணே, எந்தக் கூட்டத்துக்குப் போகலாம்?" என்று கேட்டு வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற தோட்டப்புறத்துச் சின்னப் பட்டணம். இந்த நிலைமையில் நான் கண்டது இதுதான்: நமக்கு எங்கே வாய் திறந்து பேச வருகிறதோ, அதுதான் நமக்கான கூட்டம்.

காலையிலேயே குடித்துப் பழகியவர்கள் கூட்டத்துக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கும் பிறகு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு நடுங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். என்ன குடித்தோம், எவ்வளவு குடித்தோம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். சம்சு, அதாவது மலிவு விலைச் சாராயம், என்றால் சம்சு என்றே சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவுக்கு எத்தனை உயிர் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். நான் முதலில் போனது ஈப்போவில் ஆங்கிலத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு. அன்பான மனிதர்கள், சொன்ன நேரத்துக்குத் தொடங்குவார்கள். உள்ளூரில் என்றால் வாசலில் மோட்டாரை நிறுத்தியவுடனே யாருடைய மகன் என்று தெரிந்துவிடும். ஈப்போவில் அந்தப் பயம் இல்லை. ஆனால் என் முறை வந்தபோது "பாஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஏஏ கூட்டத்தில் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தமாட்டார்கள், அது நல்ல வழக்கம். நான் படித்த ஆங்கிலம் லோரிச் சீட்டு நிரப்பப் போதும். தீபாவளிக்கு முந்தின இரவு வீட்டில் நடந்ததைச் சொல்ல அது போதவில்லை.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில்தான் ஏஏ பிறந்தது. அந்தப் பேச்சுதான் அதன் மருந்து. பேச வராத இடத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் பாதிதான் கிடைக்கும்.

அப்புறம் ஒரு நண்பர் வேறொரு பட்டணத்தில் தமிழில் நடக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு சர்ச்சின் பின்பக்க அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய கெட்டிலில் தே ஓ. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் பேசினார். சம்பள நாளில் கள்ளுக்கடையில் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதிக்குச் சம்சு வாங்கிப் பால் வாளிக்குள் துணி சுற்றி மறைத்துக் கொண்டுவருவாராம். வாளியைக் கழுவ எடுத்த அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் போத்தலை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றைக்குத்தான் நானும் பேசினேன்.

தோட்டத்துக் குடியை வெறும் தனிமனிதப் பலவீனம் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து வளர்த்த பழக்கம் இது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. தமிழ்க் கூட்டத்தில் இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சர்ச் அறை என்றதும் அம்மா பயந்தார், மதம் மாற்றிவிடுவார்களோ என்று. ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை, இடம் வாடகைக்கு எடுப்பதுதான். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் நாம் புரிந்துகொண்ட வகையிலான கடவுள். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன், யாரும் கேள்வி கேட்டதில்லை. சந்தா கிடையாது. கடைசியில் பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம்.

எல்லாக் கூட்டமும் ஒத்துவராது. ஓரிடத்தில் ஒருவர், டாக்டர் கொடுத்த மன அழுத்த மாத்திரையையும் விட்டால்தான் முழுசாகத் தெளிந்த மாதிரி என்று ஒரு தம்பியிடம் சொன்னார். அங்கே நான் திரும்பப் போகவில்லை. உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏஏவே சொல்வது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஸூமில் தமிழ்நாட்டுக் கூட்டங்களில் சேர்ந்தேன். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம்; அங்கே இரவு எட்டு என்றால் இங்கே பத்தரை. காலை ஷிப்டுக்கு எழுந்திருக்கிறவனுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் மழைக்காலத்திலும் இரவு ஷிப்ட் வாரங்களிலும் அதுதான் என்னைத் தாங்கியது. ஆரம்பத்தில் முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அது நல்ல வழி. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், கண் சிவந்திருப்பதைப் பார்த்து "என்னடா தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்க ஆள் நேரில் வேண்டும்.

மனைவியையும் அழைத்துப்போக நினைத்தால் "ஓப்பன்" கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "க்ளோஸ்ட்" என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பும் இருக்கிறது.

ஒரே கூட்டத்துக்குத் தொடர்ந்து சில வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் நாளே இரண்டு மூன்று பேரிடம் கைப்பேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த சம்பள நாள் சாயங்காலம் கடைப்பக்கம் போவதற்கு முன்னால் அழைக்கலாம்.