ரூ.18,500 போச்சு: பிரிண்டர் ஷேரிங் 'பக்'கைச் சரிசெய்து தருகிறேன் என்பவர்களிடம் உஷார்

கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். போன பணம் 18,500 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு இது ஒரு தொகையே இல்லை. எனக்கு அது பின்னறைப் பையன்கள் இரண்டு பேரின் ஒரு மாத ஓவர்டைம்.

நாமக்கல்லில் சின்ன லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஐந்து. பின்னறையில் ஒரு பழைய பெட்டியில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது, அதில் சாம்பா. ஃபைல்களையும் பிரிண்டரையும் எல்லா கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுக்கும் இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ் ஃபைல் பகிரும் முறைக்குப் பெயர் எஸ்.எம்.பி.; அந்த மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற சொல்லை அகராதியில் தேடி இந்தப் பெயரை வைத்தாராம், அதை எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். எங்கள் ஆபீஸில் 'சம்பா சர்வர்' என்றுதான் சொல்வோம், நெல் மாதிரி. அக்கா மகன் வைத்துக் கொடுத்தது. ஆறு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

போன மாதம் இரண்டு புது கம்ப்யூட்டர் வாங்கினேன், விண்டோஸ் 11. பழைய மூன்றும் விண்டோஸ் 10. புதுசில் ஃபோல்டர் எல்லாம் திறக்கிறது, பிரிண்டரைச் சேர்க்கப் போனால் மட்டும் 709 என்று முடியும் ஒரு பிழை எண் வந்து நிற்கிறது. எங்கள் தொழிலில் எல்.ஆர். (லாரி ரசீது, சரக்கோடு போகும் சீட்டு) அடிக்காமல் வண்டி நகராது. அதை அடிப்பது டாட் மேட்ரிக்ஸில், மூன்று காப்பி ஒட்டின தொடர்தாளில். டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டே 'ஆச்சா சார், ஆச்சா சார்' என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா மகனைக் கூப்பிட்டிருக்கலாம். அவனுக்குக் கல்யாண வேலை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அந்தப் பெருந்தன்மையின் விலைதான் 18,500.

வேலை தெரிந்தவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் போட்டேன். எந்தத் தளம் என்று சொல்லவில்லை, எல்லாம் ஒரே குட்டைதான். அரை மணி நேரத்தில் ஒருத்தர் வந்தார். நட்சத்திரம் 4.9. 'சாம்பா, கப்ஸ், லினக்ஸ் சர்வர், பத்து வருஷ அனுபவம்.' தமிழில் பேசினார். முதல் போனிலேயே 'சாப்பிட்டீங்களா அண்ணா' என்றார். நான் விழுந்த இடம் அதுதான். சர்வரைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் சாப்பாட்டைக் கேட்டவர் ஏமாற்ற மாட்டார் என்று எந்த மடையன் நினைப்பான்? நான் நினைத்தேன்.

ஸ்கிரீனைப் பகிரச் சொன்னார். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார், ஒரு எச்சரிக்கை வரி வந்தது: 'ரா க்யூக்கள் கைவிடப்பட்டவை, வரும் பதிப்பில் வேலை செய்யாது' என்கிற பொருளில். அதைச் சிவப்பில் வட்டம் போட்டு எனக்கே அனுப்பினார். 'பாருங்கண்ணா, இது சாம்பா சோர்ஸ் கோடிலேயே இருக்கிற பக். செட்டிங்கில் தீராது. நான் பேட்ச் எழுதி, உங்களுக்குன்னு தனியா கம்பைல் பண்ணித் தர்றேன்.' (பக் என்றால் நிரலில் உள்ள பிழை, சோர்ஸ் கோடு என்றால் நிரலின் மூலவரிகள், பேட்ச் என்றால் அதில் போடும் ஒட்டுத் திருத்தம்.) அந்த எச்சரிக்கை சாம்பாவுடையதே இல்லை, கப்ஸ் என்கிற பிரிண்டிங் சாஃப்ட்வேருடையது. டாட் மேட்ரிக்ஸுக்கு ரா க்யூ (வந்ததை மாற்றாமல் அப்படியே பிரிண்டருக்குத் தள்ளும் வரிசை) வைத்தால் யாருக்கும் வரும், அதையும் மீறி பிரிண்ட் வரும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்குச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் கும்பிடாத குறை.

தளத்தின் வழியாக 6,500 கட்டினேன். 'மீதி 12,000-ஐ நேரா யுபிஐயில் போட்டுடுங்கண்ணா, அவங்க கமிஷன் என் வயித்துல அடிக்குது' என்றார். பாவம் என்று போட்டேன். வேலை தொடங்கும் முன்பே. ஆக 18,500.

அன்று இரவு பதினொன்று இருக்கும். ஆபீஸில் நான் மட்டும். புது கம்ப்யூட்டரில் அவர் ஏதோ செய்தார், கர்ர் கர்ரென்று பிரிண்டர் தலை ஓடியது. நேற்றைய எல்.ஆர். ஒன்று, சரக்கு, எடை, சேருமிடம் எல்லாம் கட்டத்துக்குள் கச்சிதமாக வந்து விழுந்தது. எனக்குக் கண் கலங்கியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'அண்ணா, அந்த வேலை முடிந்தது பட்டனை அழுத்திடுங்க, அஞ்சு ஸ்டாரும் போட்டுடுங்க' என்றார். இரண்டையும் செய்தேன்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் பிரிண்ட் வரவில்லை.

அவர் செய்தது இதுதான்: சாம்பாவில் பகிர்ந்த பிரிண்டரை அந்தக் கம்ப்யூட்டரின் எல்பிடி ஒன்று என்ற பழைய போர்ட்டோடு ஒரே ஒரு கட்டளையில் தற்காலிகமாக இணைத்திருக்கிறார். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். டாஸ் காலத்து வித்தை. பேட்ச் என்று எதுவும் இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய மூன்று கம்ப்யூட்டரிலும் பிரிண்ட் போனது. டெபியன் கொடுத்த 4.17-ஐ நிறுத்திவிட்டு, 'ஸ்பெஷல் பில்ட்' என்று வேறொரு சாம்பாவை வேறு இடத்தில் போட்டிருக்கிறார். அதன் பதிப்பு 4.13, அதாவது 2020 செப்டம்பரில் வந்த வரிசை. சாம்பாவில் ஆறு மாதத்துக்கு ஒரு புது வரிசை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒன்றரை வருஷம்தான் திருத்தம் தருவார்கள். காலாவதியானதைப் புதுசு என்று போட்டுக் காசு வாங்கியிருக்கிறார். புது இடத்தில் எங்கள் யூசர், பாஸ்வேர்டு எதுவும் இல்லை. அதை மறைக்க, தெரியாத பெயரில் யார் வந்தாலும் விருந்தாளியாக உள்ளே விடு என்று ஒரு வரி. விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் ரேட் ஃபைலும் சம்பளக் கணக்கும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தன. விண்டோஸ் 11 அப்படி விருந்தாளியாகப் போக மறுத்துவிட்டதால் புதுசில் ஃபோல்டரே போச்சு. சாம்பாவின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தால் பணிக்குழுப் பெயர் என்ற இடத்தில் ஏதோ ஒரு பல் ஆஸ்பத்திரியின் பெயர். அதைக்கூட மாற்றவில்லை!

மூன்று நாள் கையால் எல்.ஆர். எழுதினோம். ஒரு சுங்கச் சோதனையில் கையெழுத்து புரியவில்லை என்று வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றது.

அப்புறம் போன் படலம். முதல் நாள்: 'பேட்ச் செட்டில் ஆக டைம் எடுக்கும்ணா.' பேட்ச் என்ன வீட்டு அஸ்திவாரமா? இரண்டாம் நாள்: காய்ச்சல். மூன்றாம் நாள்: 'நீங்க ஏதோ மாத்திட்டீங்க.' நான்காம் நாள்: 'விண்டோஸ் அப்டேட் என் கையில இல்லண்ணா, புதுசா பேட்ச் எழுதணும், 9,000 ஆகும்.' அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பிறகு நீல டிக் மட்டும். சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை.

தளத்தின் உதவிப் பிரிவு இன்னும் மோசம். முதலில் ரோபோ. ரோபோவைத் தாண்டினால் ஆள், அவரும் ரோபோ மாதிரியே. 'நீங்களே வேலை முடிந்தது என்று உறுதி செய்துள்ளீர்கள், ஐந்து நட்சத்திரமும் கொடுத்துள்ளீர்கள்.' 12,000 பற்றிக் கேட்டால், 'தளத்துக்கு வெளியே நடந்த பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, மேலும் அது எங்கள் விதிகளுக்கு எதிரானது.' அதாவது பணம் போனதும் என்னுடையது, விதியை மீறியதும் நான். புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள் அதை மூடிவிட்டு 'எங்கள் சேவை எப்படி இருந்தது' என்று கேட்டார்கள்.

கடைசியில் அக்கா மகனைத்தான் கூப்பிட்டேன். மணவறை அளவெடுத்துக்கொண்டிருந்தவன் நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தான். 'மாமா, சாம்பாவுல பக்கே இல்ல' என்றான். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து பிரிண்டருக்கான பேச்சுவார்த்தையை வேறு வழியில் நடத்துகிறதாம். முன்பெல்லாம் நேம்டு பைப் என்கிற வழி, இப்போது நேராக டிசிபி. எங்கள் சாம்பா பழைய வாசலில் காத்திருக்கிறது, விண்டோஸ் புது வாசலில் தட்டுகிறது. விண்டோஸின் குரூப் பாலிசி என்ற அமைப்புத் திரையில், பிரிண்டர்கள் என்ற பகுதியில், இந்தப் பேச்சுவார்த்தைக்கான ஆர்பிசி இணைப்பு அமைப்பு ஒன்று உண்டு. அதை நேம்டு பைப்புக்கு மாற்றி, பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். பிரிண்டரின் டிரைவர் சாஃப்ட்வேரை ஏற்ற மட்டும் அட்மினாக நுழைந்தான். பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டைக்குப் பிறகு 2021 ஆகஸ்ட் முதல் விண்டோஸ் அதற்கு அட்மின் கேட்கிறது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். டெபியனின் சாம்பாவைத் திரும்ப எழுப்பியதும் பழைய யூசர்கள் எல்லாம் அப்படியே வந்துவிட்டார்கள்.

ரவுட்டரைத் திறந்தபோதுதான் அவன் முகம் மாறியது. ஃபைல் பகிர்வுக்கான வாசலான 445-ஆம் போர்ட்டை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டிருக்கிறார் அந்த மகானுபாவர், 'ரிமோட்டுக்கு வேணும்' என்று. நாங்கள் ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி வேறு வைத்திருக்கிறோம். 2017 மே மாதத்தில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகத்தை உலுக்கியது விண்டோஸில் இதே போர்ட் வழியாகத்தான். அதே மாதம் சாம்பாவிலும் ஏழு வருஷமாக இருந்த ஒரு ஓட்டை வெளியே வந்தது, ஷேரில் எழுத முடிகிற யாரும் தன் நிரலை ஏற்றி சர்வரையே ஓட்ட வைக்கலாம் என்கிற அளவுக்கு. 4.13-இல் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது, சரி. அதற்காகக் காலாவதியான சாம்பாவைப் பாஸ்வேர்டு இல்லாமல் நடுத்தெருவில் உட்கார வைப்பதா? ஐந்து நாள் அப்படி இருந்திருக்கிறது. அந்த ஐந்து நாளில் யார் வந்து போனார்கள் என்று இன்னும் லாக் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொன்னான். சாம்பாவில் நிஜமாகவே பக் இருந்தால் அவர்களுடைய பக்சில்லா என்ற பிழைப் பதிவேட்டில் பதிவு செய்யக் காசே கிடையாது. திருத்தம் உள்ளே போக அந்தக் குழுவில் இரண்டு பேர் படித்து ஒப்புதல் தர வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தர் தனியாக எழுதித் தருகிற சமாச்சாரம் இல்லை. காசு கொடுத்து உதவி வேண்டுமென்றால் நாடு வாரியாகப் பட்டியலே அவர்கள் தளத்தில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரம் இல்லை, வெளியே இரண்டு வண்டி நிற்கிறது. சுருக்கமாக: தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். மறுநாள் காலையில் ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் 'முடிந்தது' பட்டனைத் தொடாதீர்கள். கான்ஃபிக் ஃபைலை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். 'சோர்ஸ் கோடில் பக்' என்று யாராவது சொன்னால் அந்த பக்கின் எண் என்ன என்று கேளுங்கள். யுபிஐ பணத்துக்கு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், ஏதாவது நடந்தால் சொல்கிறேன்.

18,500 ரூபாய். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா கூப்பிட்டாள், கல்யாணப் பத்திரிகையை நம்ம ஆபீஸ் பிரிண்டரில் அடித்துத் தர முடியுமா என்று. டாட் மேட்ரிக்ஸில்! சரி, டிரைவர் எட்டிப் பார்க்கிறார். 445 மூடித்தான் இருக்கிறதா என்று ரவுட்டரில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.