விகன் அணியின் இரண்டு விங்கர்கள்: பாஸ்டனா, ஒஃபையாவா?

ரக்பி லீகில் (ஆளுக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) இங்கிலாந்தின் விகன் அணிப் பேச்சு வந்தால், மைதான ஓரத்தில் ஓடும் அதன் விங்கர்களில் யார் பெரியவர் என்ற சண்டையும் வந்துவிடும். 1992-இல் விட்னஸ் அணியிலிருந்து 4,40,000 பவுண்டுக்கு வந்த மார்ட்டின் ஒஃபையா சுத்த வேகம்; அந்த மே மாதமே லீட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது), 1994-இல் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியில் தன் கோட்டருகே பந்தை வாங்கி மறுமுனைவரை ஒரே ஓட்டம்.

பில்லி பாஸ்டன் வேறு ரகம். கார்டிஃப் துறைமுகப் பகுதிப் பையன். 1953-இல் விகன்காரர்கள் வீட்டு மேசையில் 1,000 பவுண்டை நோட்டுகளாகப் பரப்ப, ஆளை விரட்டலாம் என்று அம்மா 3,000 கேட்டாராம், சரி என்றுவிட்டார்கள்! ஓடவும் செய்வார், எதிரே நிற்பவரை இடித்துத் தள்ளிவிட்டும் போவார். விகனுக்கு 488 ஆட்டம், 478 ட்ரை.

ஆட்டத்துக்கு எத்தனை ட்ரை என்ற சராசரியில் ஒஃபையாதான் மேல், ஆனால் அவர் விகனில் இருந்தது நாலரை வருடம், பாஸ்டன் பதினைந்து. என் ஓட்டு பாஸ்டனுக்கு. 2025-இல்தான் சர் பட்டம் கொடுத்தார்கள், அதுவும் 90 வயதில்.