முன்பாரம் பார்த்துப் பூட்டிய வண்டி: டென்வரிலிருந்து மோவாபுக்கு ஒரு டாய் ஹாலர் வாடகை

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களுக்கும் விளக்கம் தேவையில்லை. மூட்டைகள் அச்சுக்கு முன்னால் அதிகமாக ஏறிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமாகிவிட்டால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு இறுகி, மாடு திணறும். 2024 அக்டோபரில், மலைப்பாறைகளில் ஓட்டும், இருக்கைகள் பக்கம்பக்கமாக அமைந்த ஒரு சிறிய சைடு-பை-சைடு வண்டியையும் நான்கு பேர் தங்கும் முகாம் ட்ரெய்லரையும் ஒருசேர இழுத்துக்கொண்டு கொலராடோவின் டென்வரிலிருந்து யூட்டாவின் மோவாபுக்குச் சென்று திரும்பிய பயணத்தில், ட்ரெய்லரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொன்ன எதையும்விட இந்த இரண்டு சொற்களே எனக்குப் பயன்பட்டன. அந்த ட்ரெய்லரையும் வாடகைச் சேவையையும் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

டாய் ஹாலர் என்று இங்கே அழைக்கப்படுவது, பின்பாதியில் கராஜும் முன்பாதியில் வீடுமாக அமைந்த ட்ரெய்லர். பின்சுவர் முழுவதும் கீழே இறங்கிச் சாய்தளமாகிவிடும். அதன் வழியே வண்டியை உள்ளே ஏற்றி, தரையில் பதித்திருக்கும் இரும்பு வளையங்களில் ராட்செட் பட்டைகளால் இறுக்கிக் கட்ட வேண்டும். வண்டியை இறக்கிய பிறகு, பக்கச் சுவர்களில் மடித்து வைத்திருக்கும் சோபாக்களை விரித்தால் கராஜ் கூடமாகிவிடுகிறது. இரவில் கூரையோடு ஒட்டியிருக்கும் கட்டில் மின்மோட்டாரில் இறங்கி வருகிறது. நாங்கள் எடுத்தது 28 அடி நீளமுள்ள ஒன்று: வெற்று எடை சுமார் 3,300 கிலோ, ஏற்றத்தோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை சுமார் 5,000 கிலோ, நன்னீர்த் தொட்டி 380 லிட்டர். இழுத்தது எனது ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப்.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது இழுவைத் திறனை. ஆனால் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது சுமைத்திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான தாளில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் ஹிட்ச் (ட்ரெய்லரைப் பூட்டும் இணைப்பு) மீது அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். என் வண்டியின் தாள் 1,150 கிலோ என்கிறது. நாங்கள் நான்கு பேர் 280 கிலோ, பெட்டி படுக்கைகள் 150 கிலோ, ஹிட்ச் இரும்பு 45 கிலோ, ட்ரெய்லரின் முன்பாரம் 475 கிலோ என்று கூட்டினால் 950 வருகிறது, தாராளமாக இருக்கிறது. அரை டன் வகை எனப்படும், என்னுடையதைவிட இலேசான பல பிக்கப்புகளில் அதே தாள் 700, 800 கிலோ என்றுதான் சொல்லும். விளம்பரத்தில் அவற்றின் இழுவைத் திறன் 5,000 கிலோவைத் தாண்டியிருந்தாலும், இதே குடும்பத்தையும் இதே ட்ரெய்லரையும் அவற்றில் பூட்டினால் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே சுமைக் கணக்கு மீறிவிட்டிருக்கும். வாடகை நிறுவனம் என்னிடம் கேட்டதோ, "எவ்வளவு இழுக்கும்?" என்ற ஒரே கேள்விதான்.

இனி முன்பாரத்துக்கு வருகிறேன். ஹிட்ச் பந்தில் பூட்டும் இத்தகைய ட்ரெய்லர்களில், மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை மூக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். டாய் ஹாலரில் உள்ள சிக்கல், ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை அச்சுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதுதான். இதை அறிந்தே இவற்றைக் காலியாக இருக்கும்போது மூக்கு கனமாக இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். பின்னால் வண்டி ஏறும்போது மூக்கு இலேசாகி அளவுக்கு வரும். ஆனால் வண்டியைக் கராஜுக்குள் எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அது அளவுக்கு வருமா, அளவைத் தாண்டி இறங்குமா என்பது முடிவாகும். எங்களிடம் ட்ரெய்லரை ஒப்படைத்தவர், இறக்குவதற்கு எளிதாக இருக்கும் என்று கதவை ஒட்டியே நிறுத்தச் சொன்னார். அவர் தந்த விளக்கத்தில் எடை பற்றி இருந்தது அவ்வளவுதான்.

அப்படியே நிறுத்தினோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பெரிய லாரி ஒன்று இடப்பக்கமாக எங்களைக் கடந்தது. அதன் காற்று ட்ரெய்லரின் பின்புறத்தைத் தள்ளியதும், ஸ்டீயரிங் என் கையில் இருந்தும் வண்டி என் கையில் இல்லாதது போல, பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை இடமும் வலமுமாக அசைந்தது. இந்த நேரத்தில் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கைப்பிடியை மெல்ல அழுத்த வேண்டும். அப்போது ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுபட்டுத் தானாக நேராகும். படித்து வைத்திருந்தேன் என்பதால் செய்தேன். என் மனைவி அன்று முழுவதும் என்னோடு அதிகம் பேசவில்லை.

அடுத்த வெளியேறும் வழியில் இருந்த லாரி நிலையத்தில், கேட் ஸ்கேல் எடை மேடையில் ஏற்றினேன். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் டாய் ஹாலர் இழுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள, மலிவான சேவை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்த மதிப்புரையில் முழு மதிப்பெண் பெறுவது இது ஒன்றுதான். பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லரின் அச்சுகள் ஆகியவற்றைத் தனித்தனித் தட்டுகளில் நிறுத்தி எடுக்கும் அளவை ஒரே சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். முன்பாரம் தெரிய வேண்டுமானால் இரண்டு முறை ஏற வேண்டும்: ட்ரெய்லரோடு ஒருமுறை, அதைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுப் பிக்கப்போடு மட்டும் ஒருமுறை. பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் வகை ஹிட்ச் பூட்டியிருந்தால் அதன் தண்டுகளைத் தளர்த்திவிட்டே எடை போட வேண்டும். இல்லையென்றால் மூக்கின் எடையில் ஒரு பகுதி ட்ரெய்லரின் அச்சுகளுக்கே திரும்பிப் போய்க் கணக்கு பொய்யாகிவிடும். பிக்கப் மட்டும் 3,750 கிலோ, ட்ரெய்லர் பூட்டியபோது பிக்கப்பின் அச்சுகளில் 4,160, ட்ரெய்லரின் அச்சுகளில் 4,110. ஆக மூக்கில் 410 கிலோ. மொத்த ட்ரெய்லர் எடையான 4,520 கிலோவில் 9 விழுக்காடு. பார்வைக்கு ட்ரெய்லர் மட்டமாக, கச்சிதமாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

கராஜில் சைடு-பை-சைடுக்கு முன்னால் அடுக்கியிருந்த ஐஸ் பெட்டி, நாற்காலிகள் எல்லாவற்றையும் முன் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு, சைடு-பை-சைடை அரை மீட்டர் முன்னால் நகர்த்தி மறுபடியும் கட்டினோம். மீண்டும் எடை போட்டபோது மூக்கில் 475 கிலோ, பத்தரை விழுக்காடு. அரை மீட்டர்தான். அதற்குப் பிறகு மோவாப் வரை எத்தனையோ லாரிகள் கடந்தன, ட்ரெய்லர் வாலாட்டவில்லை.

டென்வரிலிருந்து மேற்கே செல்லும் இன்டர்ஸ்டேட் 70, இத்தகைய சுமையோடு ஓட்டுபவருக்கு எளிய சாலை அல்ல. 3,401 மீட்டர் உயரத்திலுள்ள ஐசனோவர் சுரங்கம் வரை ஏற்றம். 1973இல் திறக்கப்பட்ட, 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்த்தார்ன் நோக்கி 7 விழுக்காடு வரையிலான நெடிய இறக்கம். பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கான மணல்மேட்டுப் பாதைகள் அங்கே வெட்டப்பட்டிருப்பதே அந்த இறக்கத்தின் குணத்தைச் சொல்லும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்கள் அந்த உயரத்தில் தம் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பதால், ஏற்றத்தில் டர்போ டீசலின் அருமை தெரிகிறது. ஆனால் அதன் உண்மையான மதிப்பு இறக்கத்தில்தான். புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை இயக்கிவிட்டு மூன்றாவது கியரில் விட்டால், காலால் பிரேக்கைத் தொட வேண்டிய தேவை அரிதாகவே ஏற்பட்டது. அடுத்து 3,250 மீட்டரில் வேல் (Vail) கணவாய், பிறகு க்ளென்வுட் பள்ளத்தாக்கு, கிராண்ட் ஜங்ஷன், யூட்டா எல்லை. யூட்டாவில் வேக வரம்பு மணிக்கு 80 மைல். ஆனால் ட்ரெய்லர்களுக்கான டயர்களில் பல 65 மைலுக்கு மேல் ஓட்டத் தகுந்தவை அல்ல. சாலை அனுமதிப்பதும் டயர் அனுமதிப்பதும் வேறுவேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வலது ஓரமாகவே போனோம்.

டயர் என்றதும் நிறுவனத்தின் மீதுள்ள இன்னொரு குறையும் நினைவுக்கு வருகிறது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்பதைக் காட்டும். எங்கள் ட்ரெய்லரில் இரண்டு டயர்களில் 2317 என்றிருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் ஏழு ஆண்டு பழைய ரப்பர். சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

கராஜும் வீடும் ஒரே கூரைக்குள் இருப்பதில் எதிர்பாராத தொல்லை ஒன்று உண்டு. உயரம் ஏற ஏறப் பெட்ரோல் டாங்கிலிருந்து ஆவி அதிகமாக வெளியேறும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். சமையல் வாயுக் கசிவைக் கண்டறியும் கருவியும் அதே காரணத்துக்காகத் தரையை ஒட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கும். க்ளென்வுட் ஸ்பிரிங்ஸில் சாப்பிட நிறுத்திக் கதவைத் திறந்தபோது அந்தக் கருவி அலறிக்கொண்டிருந்தது. வாயு எதுவும் கசியவில்லை, பெட்ரோல் ஆவிதான். ஆகவே டாங்கைப் பாதி மட்டுமே நிரப்பிக்கொண்டு போவதும், நிறுத்தும் இடங்களில் சன்னல்களைத் திறந்துவைப்பதும், இரவில் வண்டியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பதும் நல்லது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் வைத்த மாதிரிகள் கிடைக்கின்றன. எங்களுடையதில் இல்லை. மூன்றாம் நாள் வரைக்கும் போர்வையில் பெட்ரோல் வாசனை இருந்தது.

போய்ச் சேர்ந்த பிறகு ட்ரெய்லரைப் பற்றிச் சொல்வதற்கு நல்லதே அதிகம். குளியலறை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன; இறக்கிய சாய்தளத்தைச் சங்கிலியில் மட்டமாக நிறுத்தினால் மாலை நேரத்தில் உட்காரத் திண்ணை கிடைக்கிறது. ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் பக்கத்து முகாம்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க வைத்தது.

மோவாபின் சிவப்புப் பாறைகளுக்குள் போகும் பாதைகளில் பல, 1950களில் யுரேனியம் தேடியவர்கள் வெட்டியவை. ஊரை ஒட்டிய சாண்ட் ஃப்ளாட்ஸில் உள்ள ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாதையில் இரண்டு முறை போனோம். அங்கே தரை முழுவதும் இறுகிக் கல்லான பழைய மணற்குன்றுகள். குதிரை லாடங்கள் வழுக்கியதால் வழுக்குப்பாறை என்று பெயர் பெற்ற அந்த மணற்கல், ரப்பர் டயரை மட்டும் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. ஏற முடியாது என்று கண் சொல்லும் சரிவுகளில் சைடு-பை-சைடு பல்லியைப் போல ஏறியது.

ஆனால் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு விலை உண்டு. பக்கத்திலேயே உள்ள ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களுக்குள் சைடு-பை-சைடு வகை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாலையில் ஓட்டப் பதிவு செய்திருந்தாலும் இல்லை. கேன்யன்லேண்ட்ஸுக்குள் சுமார் 160 கிலோமீட்டர் சுற்றிவரும் ஒயிட் ரிம் பாதை அனுமதிச் சீட்டு பெற்ற ஜீப்புக்குத் திறந்திருக்கிறது, எங்களுக்கு மூடியிருந்தது. பூங்காக்களைப் பிக்கப்பில் போய்ப் பார்த்தோம். பூங்காக்களின் மண்பாதைகளே நோக்கம் என்றால் ஜீப் ராங்ளர்தான் தக்கது. ஆனால் நான்கு கதவு ராங்ளர் 2,000 கிலோ எடையும் 4.78 மீட்டர் நீளமும் உள்ளது. இத்தகைய ட்ரெய்லரின் கராஜில் அடங்காது. அதை, எஞ்சின் ஆற்றலை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, நான்கு சக்கரமும் தரையில் உருள, வீடாகவே அமைந்த பேருந்து போன்ற மோட்டார் ஹோமுக்குப் பின்னால் பூட்டி இழுத்து வருகிறார்கள். பிக்கப்புக்குப் பின்னால் ட்ரெய்லர், அதற்கும் பின்னால் ஜீப் என்று இரட்டையாகப் பூட்டுவதைச் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சில அடியோடு தடுக்கின்றன. மாநில எல்லைகளைக் கடப்பவர் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும், இரட்டைப் பூட்டில் ஒரு முழம்கூட ஒழுங்காகப் பின்னோக்கி எடுக்க முடியாது என்பதால், என் விருப்பம் வீட்டிலுள்ள இன்னொருவர் ஜீப்பைத் தனியாக ஓட்டி வருவதே.

செலவைப் பொறுத்தவரை, ட்ரெய்லருக்கு ஓர் இரவுக்கு 220 டாலர், ஐந்து இரவுகள். காப்பீடும் துப்புரவுக் கட்டணமும் தனி. பிக்கப், ட்ரெய்லர் இழுக்கும்போது லிட்டருக்கு நான்கு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது; போக மட்டும் 570 கிலோமீட்டர். ஓரிரு நாள் மட்டும் பாறையில் ஓட்ட நினைப்பவர், சொந்த வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மோவாபில் ஒன்றை நாள் வாடகைக்கு எடுப்பதே மலிவு. நான்கு நாளுக்கு மேல் ஓட்டுபவருக்கும், சொந்த வண்டியின் குணம் பழகியவருக்கும் டாய் ஹாலர் கட்டுப்படியாகும்.

திரும்பும்போது நன்னீர்த் தொட்டி காலி. அது அச்சுக்கு முன்னால் இருப்பதால், 380 கிலோ போனதும் மூக்கின் எடையும் குறைந்து, முன்பாரம் மறுபடியும் 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டதும் தெரிந்தது. பாதித் தொட்டி நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். ட்ரெய்லரை ஒப்படைத்தபோது, கராஜ் தரையில் வண்டியின் முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தை நான் ஒட்டியிருந்த நீல டேப்பைக் கிழித்துவிட வேண்டாம் என்று அங்கிருந்தவரிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஏப்ரலுக்கும் அதே ட்ரெய்லரைத்தான் பதிவு செய்திருக்கிறேன். நான்கு டயர்களின் தேதிகளையும் எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.