சிஸிஜின்னு சொல்லத் தெரியாத உச்சரிப்பு ஆப்: ரெண்டு ஸ்டார்

வருஷத்துக்கு 399 ரூபா கட்டி ஒரு உச்சரிப்பு ஆப் போட்டேன், பேரு வேணாம் விடுங்க. கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் சொல்லித் தரும், அர்த்தமும் தமிழ்ல வரும்னு போட்டிருந்தான்.

நான் செஸ் ஆடுறவன். போர்டுல ராஜா ரெண்டையும் சேர்த்து ஏழு காய்க்குள்ள வந்துட்டா அப்புறம் ஜெயமா டிராவான்னு கம்ப்யூட்டர் கணக்கு போட்டு வச்ச டேட்டா இருக்குல்ல, ரொனால்ட் டி மான் பண்ணது, ஆன்லைன்ல செஸ் ஆடுற லிசெஸ் சைட்லகூட அதான் ஓடுது, அதோட பேர எப்படி படிக்கிறதுன்னு தெரியாம ஆப்ல போட்டேன். எஸ் ஒய் இசட் ஒய் ஜி ஒய். ஆறு எழுத்துல மூணு ஒய்! மெஷின் குரல் ஜம்முனு "சைஸைஜி"ன்னுச்சு, நானும் நம்பி கிளப்ல போய் அப்படியே சொன்னேன், "என்னடா சட்டை சைஸா"ன்னு கேட்டு ஒரு வாரம் ஓட்டுனானுங்க.

அப்புறம் மெரியம் வெப்ஸ்டர் அகராதி சைட்ல ஆடியோ கேட்டேன், காசே இல்ல. சிஸிஜி. அழுத்தம் முதல் சி மேல, நடுவுல வர்ற ஸி வண்டு ரீங்காரம் மாதிரி அதிரணும், தமிழ்ல அதுக்கு எழுத்து இல்லாததால ஸி போட்டு ஒப்பேத்துறேன்.

உச்சரிப்பக்கூட மன்னிச்சிடலாங்க, அர்த்தம்னு "கோள்கள் நேர்கோட்டில் வருதல்"னு ஒத்த வரி குடுத்துட்டு கடைய சாத்திட்டான் பாருங்க, அதான் கடுப்பு. வேர்ச்சொல் எங்கடா? விக்சனரிக்கு போனா அங்க இருக்கு. கிரேக்கத்துல "சின்"னா சேர்ந்து, "ஸிகோன்"னா நுகத்தடி. ரெண்டு மாட்ட ஒரே நுகத்துல பூட்டுறதுதான் மூல அர்த்தம். சமஸ்கிருத யுகத்துக்கும் நுகத்தடின்னு ஒரு அர்த்தம் உண்டு, வேர் ஒன்னுதான்.

இது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். சூரியன், பூமி, நிலா ஒரு கோட்டுல நிக்கிற அமாவாசை பௌர்ணமி ரெண்டுமே சிஸிஜிதான், சூரியனும் நிலாவும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்து இழுக்கிறதாலதான் அந்த நாள்ல கடல் ஏத்த இறக்கம் ஜாஸ்தி. நிலாவோட பாதை அஞ்சு டிகிரி சாய்ஞ்சிருக்கு, இல்லாட்டி மாசாமாசம் கிரகணம்தான். பழைய கிரேக்க யாப்புல ரெண்டு சீர ஒன்னா பூட்டுனாலும் இதே பேரு. கணக்குலயும் உண்டு, 1890ல ஹில்பர்ட்ங்கிற கணித மேதை போட்ட தேற்றம் ஒன்னு, அது நமக்கு எட்டாது. எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா இன்னைக்கு கிரேக்கத்துல "சீஸிகோஸ்"னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பொது, ஒரே நுகத்துல மாட்டுனவங்களாம்! வீட்டுல படிச்சு காட்டுனேன், "எந்தப் பக்கத்து மாடு ஒழுங்கா இழுக்குதாம்"னு கேள்வி வந்துச்சு, மொபைல மூடிட்டேன்.

எழுத்துக்கட்டை அடுக்கி வார்த்தை கட்டுற ஸ்கிராபிள்ல இத ஆடணும்னா பொட்டில ஒய் ரெண்டுதான் இருக்கும், மூணாவதுக்கு எந்த எழுத்தாவும் வச்சுக்கிற வெறுங்கட்டை வேணும், பாத்துக்கோங்க.

ஆப்புக்கு வர்றேன். தப்புன்னு ரிப்போர்ட் அடிச்சேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு, நேத்து திரும்ப அமுக்கி பாத்தா அதே சைஸைஜி. ரெண்டு ஸ்டார், அதுல ஒன்னு டார்க் மோடுக்கு.