கத்திரி வெயிலில் ஐஸ் மெஷின்: மூன்று கோடைக்குப் பிறகு

காட்பாடியில் ஜூஸ் கடை வைக்கப்போகும் நண்பர், என் கடையில் இருக்கும் அதே ஐஸ் மெஷினை வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார்.

நாளொன்றுக்கு 50 கிலோ என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும். 21 டிகிரிக் காற்றிலும் 10 டிகிரித் தண்ணீரிலும் கிடைக்கும் அளவு அது என்பது அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும். வேலூர்க் குழாயில் மார்கழி விடியலில்கூட அப்படித் தண்ணீர் வராது. சத்துவாச்சாரியில் உள்ள என் கடையில் மார்கழியில் 20 நிமிடத்தில் விழும் கட்டி, அக்னி நட்சத்திரத்தில் 35 நிமிடமாகியும் விழுவதில்லை. தாமதமெல்லாம் உறைவதில்தான், கட்டியைக் கழற்ற அச்சைச் சூடாக்கும் வாயு கூடுதல் சூட்டோடு பாய்வதால், உறைந்த கட்டி கழல்வது என்னவோ கோடையில்தான் விரைவு.

சென்ற மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு மெஷின் தானாகவே நின்றது. வந்த மெக்கானிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமலே கேஸ் ஏற்றிப் பணம் வாங்கிச் சென்றார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கே நின்றது. இரண்டாவதாக வந்தவர் எதையும் கழற்றாமல், சூட்டை வெளியே தள்ளும் பாகமான கண்டென்சருக்குக் காற்று நுழையும் இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். தெருவில் 41 டிகிரி, அங்கே 48. மாடிப்படிக்கு அடியில் சுவரை ஒட்டி நான் வைத்திருந்ததால், மெஷின் தான் வெளியேற்றிய அனலையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. காற்றிடம் சூட்டைத் தள்ள வேண்டுமானால் கண்டென்சர் அந்தக் காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகச் சுட வேண்டும். அதற்கேற்ப அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் அதிக மின்சாரம் இழுத்துக் குறைவாகக் குளிர்விக்கும், எல்லை மீறினால் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருந்தது. கண்டென்சர் தகடுகளைப் பிரஷ்ஷால் தேய்த்தபோது, சர்க்கரைப் பிசுக்கில் ஊறிய தூசி கம்பளித் துண்டுபோல் உரிந்து வந்தது. அந்தக் குற்றம் என்னுடையது.

தண்ணீரால் குளிரும் கண்டென்சருக்கு இந்தத் தொல்லை குறைவு என்பார்கள். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு, நாள் முழுவதும் தண்ணீரைச் சாக்கடையில் விட எனக்கு மனம் வராது.

மெஷினை வாசல் பக்கம் நகர்த்திய பின் அது நிற்பதில்லை. கட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது, கம்ப்ரசரில் இதுவரை கை வைக்கவில்லை, இந்த விலைக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததுமில்லை. ஆனால் நண்பர் கேட்டது பிற்பகல் இரண்டு மணிக்கு. கட்டி போதாமல் அன்றைக்கும் வெளியில் இரண்டு பார் ஐஸ் வாங்கியிருந்தேன். வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.