மாகுலா சிதைவு: ஊசி சிகிச்சையைக் கண்காணிக்க எந்தப் படம் உதவும்?

விழித்திரையின் மையப்பகுதியான மாகுலா முதுமையில் சிதையும்போது, புதிய ரத்த நாளங்கள் முளைத்துக் கசிவது ஈர வகை. இதற்குக் கண்ணுக்குள் ஊசி போடத் தொடங்கிய பிறகு, விழித்திரையில் இன்னும் நீர் இருக்கிறதா, அடுத்த ஊசியை எப்போது போடுவது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. இதற்கு விடை தேடும் முறைகளில் மூத்தது ஃபுளோரசீன் ஆஞ்சியோகிராம். கை நரம்பில் சாயத்தை ஏற்றி, அது விழித்திரை நாளங்களில் ஓடுவதை அடுத்தடுத்துப் படம் பிடிப்பார்கள். புதிதாக முளைத்த நாளம் கசியும் இடம் வெண்மையாகப் பளிச்சிட்டு, நேரம் ஆக ஆகப் பரவும். நோயை முதலில் உறுதிசெய்ய இது இன்றும் நம்பகமானது. ஆனால் குமட்டல், மஞ்சள் பாரிக்கும் தோல், அரிதாகக் கடும் ஒவ்வாமை ஆகியவற்றை எண்பது வயதுக்காரர் மாதந்தோறும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1991இல் அறிமுகமான, ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமாக்கும் ஓசிடி (ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி) ஸ்கேனுக்கு ஊசியும் சாயமும் தேவையில்லை. தாடையை வைத்து ஒளிப்புள்ளியைச் சில நொடிகள் பார்த்தால், விழித்திரை அடுக்கடுக்காக வெட்டிவைத்ததுபோல் திரையில் விரிகிறது. அடுக்குகளுக்குள் கருங்குமிழ்களாகத் தெரிவது உள்நீர். விழித்திரைக்கு அடியில் மெல்லிய கருந்திட்டாகக் கிடப்பது அடிநீர். இந்த வேறுபாட்டைக் காட்டுவதுதான் ஓசிடியின் பெரும்பலம் என்பது என் கருத்து. 2019இல் வெளியான ஃபுளூயிட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வில், உள்நீர் முழுவதும் வற்றும்வரை சிகிச்சை தந்து, மையத்தில் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அடிநீரை மட்டும் பொறுத்துக்கொண்டபோது, இரண்டு ஆண்டுகளின் முடிவில் பார்வை, நீரை முற்றிலும் வற்றவைக்க முயன்ற குழுவினருக்கு இணையாகவே இருந்தது. அதற்கும் முன்பே, அமெரிக்காவில் 40 பேரிடம் நடந்த பிராண்டோ ஆய்வு, ஓசிடியை முதன்மை வழிகாட்டியாகக் கொண்டு முதல் ஆண்டில் சராசரியாக 5.6 ஊசிகளிலேயே நல்ல பார்வையைப் பெற முடிந்ததைக் காட்டியது.

ஓசிடி ஆஞ்சியோகிராபியும் சாயமின்றியே நாளங்களின் வலையைக் காட்டுகிறது. எனினும் அது காட்டுவது ரத்த ஓட்டத்தையே, கசிவை அல்ல. நீர் வற்றிய பிறகும் வலை அப்படியே நிற்கலாம் என்பதால், அதன் அளவை மட்டும் வைத்து ஊசியை முடிவுசெய்ய இயலாது. நாளக் கசிவு இல்லாத உலர் வகையில் திசு அழியும் பரப்பை அளக்கவோ, விழித்திரையின் இயல்பான ஒளிர்வைப் பதிவுசெய்யும் ஆட்டோஃபுளோரசன்ஸ் படமே பொருத்தமானது.

ஆகவே, தொடக்கத்திலும் குழப்பம் நேரும்போதும் ஆஞ்சியோகிராம், ஒவ்வொரு வருகையிலும் ஓசிடி என்பதே நோயாளிக்கு இதமான ஏற்பாடு. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: விழித்திரையின் தடிமனை எந்த எல்லைக்கோடு வரை அளப்பது என்பதில் கருவிக்குக் கருவி வேறுபாடு இருப்பதால், ஒரே கண்ணுக்கு இரு கருவிகள் பல மைக்ரான் வித்தியாசம் காட்டக்கூடும். மருத்துவமனையை மாற்றுகிறவர்கள் தடிமன் எண்ணை மட்டும் குறித்துச் செல்லாமல், பழைய ஸ்கேன் படங்களையே எடுத்துச் செல்ல வேண்டும்.