லாடமா, பூட்ஸா, பசையா? நெடுந்தூர ஓட்டக் குதிரைக்கு எது?

நெடுந்தூரப் போட்டிகளில் குதிரைகள் வெளியேற்றப்படுவதற்கு முதல் காரணம் களைப்பு அல்ல, நொண்டல். 120 கிலோமீட்டர் நன்றாக ஓடி வந்த குதிரை, கால்நடை மருத்துவர் முன் கயிறு பிடித்து ஓட்டிக் காட்டும்போது காலைத் தாங்கித் தாங்கி வைத்தால் அன்றைய கதை முடிந்தது. அதனால் குளம்பில் எதை மாட்டுவது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நடுவழியில் இது கழன்றால் என் கதி என்ன?

ஆணி அடிக்கும் இரும்பு லாடம் பாறைக்கும் சரளைக்கும் அசராது. செலவும் குறைவு. ஆனால் பின்னங்கால் முன்னங்கால் லாடத்தை மிதித்து இழுத்துவிட்டால், ஆணி தனியாக வராது. குளம்பைச் சுற்றியுள்ள கெட்டியான வெளிச்சுவரையும் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு ஆணி அடிக்க இடமே இருக்காது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்வதால், ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி மறுபடி அடிக்கவும் வேண்டும். அலுமினியம் எடை குறைவுதான், பாறையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வார் போட்டு மாட்டும் பூட்ஸ் அப்படி இல்லை. சேற்றில் கழன்றால் இறங்கிப்போய் எடுத்து, உதறி, மாட்டிக்கொண்டு கிளம்பலாம். தொல்லை மணலில்தான். உள்ளே புகும் மணல், குதிகாலின் மென்மையான சதையை உரசித் தோலை உரித்துவிடும். போன மாதம் கச்சிதமாக இருந்த பூட்ஸ், குளம்பு வளர்ந்ததும் ஏறவே மறுக்கும். பயிற்சிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. போட்டிக்கு எனக்குத் துணிவு வராது.

போட்டிக்கு என் ஓட்டு பசைக்கே, அதாவது ஆணியில்லாமல் பசையால் குளம்பில் ஒட்டும் லாடத்துக்கே. ஆணி ஓட்டை இல்லை, தரையில் மோதும் அதிர்ச்சியும் ஓரளவு தணிந்தே மேலே போகிறது. ஆனால் ஒட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சுவரின் பளபளப்பு போகும்வரை அரத்தால் தேய்த்து, கம்பி பிரஷ் போட்டு, சூடான காற்றால் ஈரத்தை விரட்ட வேண்டும். அதற்குப் பிறகு விரல்கூடப் படக்கூடாது. கை எண்ணெய் போதும், பசை பிடிக்காது. எல்லாம் முடியும் நேரத்தில் குதிரை காலை உதறி ஈர வைக்கோலில் ஊன்றும். மறுபடி முதலிலிருந்து. பசை இறுகும்வரை காலை அசையாமல் பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும்.

வெறுங்குளம்போடு ஓட்டுவோரும் உண்டு. மென்மண் பாதையென்றால் சரி; சரளைக்கல் என்றால் நான் யோசிப்பேன்.

எதை மாட்டினாலும் சேணத்தின் பின்னால் ஒற்றை பூட்ஸ் கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். முன்குளம்பு வட்டம், பின்குளம்பு குறுகல், இரண்டுக்கும் ஒரே அளவு சரிவராது. ஒன்றுதான் எடுக்க முடியுமென்றால் முன்குளம்பின் அளவை எடுங்கள். உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள்மீதுதான்.